பெட்டியடிப் பையனாக ஒரு வருஷம்

எங்கள் பேட்டையிலுள்ள கல்லூரி ஒன்றின் சுற்றுச்சுவரில் சென்ற வாரம் ஒரு சுவரொட்டியைப் பார்த்தேன். மாணவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே, கையில் ஒரு போனும் பத்தாயிரம் ரூபாயும் இருந்தால் போதும், ஆப்ஷன் வர்த்தகத்தின் மூலம் மாதச் சம்பளத்தைப் போன்ற ஸ்திரமான வருமானத்தைச் சம்பாதித்துவிடலாம் என்றும், அதற்கான ரகசியங்களை இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொடுத்துவிடுவதாகவும், முதலில் வரும் ஐம்பது பேருக்குக் கட்டணத்தில் சலுகை உண்டென்றும் கொட்டை எழுத்துக்களில் அச்சிட்டிருந்தார்கள்.

கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை.

அன்று மாலையே என் தங்கை மகன் போன் செய்தான். பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறான், புத்திசாலிப் பிள்ளை, கணக்கு நன்றாக வரும்.

"மாமா, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நான் பேர் கொடுக்கலை. ட்ரேடிங்கையே கரியரா எடுத்துக்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

"எந்த ட்ரேடிங், மாப்ள?"

"ஆப்ஷன்ஸ்தான் மாமா. நிஃப்டி வீக்லி எக்ஸ்பைரி."

"சரி. நீ ஒரு கால் ஆப்ஷன் வாங்கினா, அதை உனக்கு விக்கிறது யாரு?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அது... மார்க்கெட்ல யாராச்சும் வித்துக்கிட்டுதானே மாமா இருப்பாங்க."

அவனிடம் அன்று ஒரு மணி நேரம் பேசியதைத்தான், அவனைப் போலவே எண்ணிக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் உபயோகமாக இருக்கட்டும் என்று, இங்கே கொஞ்சம் விஸ்தாரமாக எழுதுகிறேன். (நீளமான பதிவுதான். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் அதை முடித்துவிட்டு வந்து படிக்கலாம். சந்தை எங்கும் போய்விடாது.)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் டீலிங் ரூமில் அமர்ந்து வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைப் போட்டுக்கொண்டிருந்து, பிற்பாடு அங்கேயே ரிஸ்க் பிரிவுக்கு மாற்றப்பட்டு, யாருடைய கணக்கில் மார்ஜின் குறைகிறது, யாருடைய பொசிஷனை ஸ்கொயர் ஆஃப் செய்தாக வேண்டும் என்று நாள் முழுவதும் கவனிக்கும் வேலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஆகையால் இந்தத் தொழிலைச் சூதாட்டம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கித் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. விளைந்த மஞ்சளுக்கும், நூற்பாலைக்கு வேண்டிய பருத்திக்கும், அரசாங்கம் வாங்குகிற கடனுக்கும் இன்றைய தினத்தில் என்ன விலை என்று நிர்ணயமாவதற்கு, தன் சொந்த முதலையோ தன் நிறுவனத்தின் முதலையோ பணயமாக வைத்து வாங்கவும் விற்கவும் துணிகிற ஒருவன் அவசியம் வேண்டும். அது கௌரவமான உத்தியோகம். அதற்குப் போக விரும்பும் பிள்ளையை நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் அந்த உத்தியோகத்துக்குப் போகும் வழி, விடுதி அறையில் போனைப் பிடித்துக்கொண்டு வாராந்தர ஆப்ஷன் வாங்குவது என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அங்கேதான் என் சண்டை.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) என்று சொல்லப்படும் பிரிவில் வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள் என்றும், தலைக்குச் சராசரியாகச் சுமார் 2 லட்சம் ரூபாய் போயிற்று என்றும், எல்லாருடைய நஷ்டத்தையும் கூட்டினால் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது என்றும், செலவுகளெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் 1 சதவீதம்தான் என்றும் அந்த ஆய்வு சொல்லுகிறது. அடுத்த வருஷத்துக்கான கணக்கும் 2025 ஜூலையில் வந்தது: 2024-25-இல் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், தொகை ஒரு லட்சம் கோடிக்கு மேல்.

என்னை உலுக்கியது வேறொரு எண். இந்தப் பிரிவில் வர்த்தகம் செய்பவர்களில் முப்பது வயதுக்குட்பட்டவர்களின் பங்கு 2022-23-இல் 31 சதவீதமாக இருந்தது, ஒரே வருஷத்தில் 43 சதவீதமாக ஏறிவிட்டது. சுவரொட்டி ஏன் கல்லூரிச் சுவரைத் தேடி ஒட்டப்படுகிறது என்பதற்கு இதுவே காரணம்.

இனி, தங்கை மகனால் பதில் சொல்ல முடியாமற்போன அந்தக் கேள்விக்கு வருவோம். விற்பது யார்? அதே ஆய்வு இதற்கும் பதில் தருகிறது. 2023-24-இல் தனிநபர்கள் இழந்துகொண்டிருந்த அதே சமயத்தில், தம் சொந்த முதலில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடி ரூபாயும், அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடி ரூபாயும், செலவைக் கழிக்குமுன் லாபம் ஈட்டியிருக்கின்றன. அந்த லாபத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல், மனிதக் கை படாமல் கணினி நிரல்களே ஆர்டர் போட்டுச் சம்பாதித்தது. மாணவன் வாங்குகிற ஆப்ஷனை விற்பவன், பெரும்பாலும், கணிதத்திலும் புள்ளியியலிலும் பட்டம் பெற்றவர்கள் எழுதி வைத்த ஒரு நிரல்.

அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை ஓர் உதாரணத்தால் சொல்லிப் பார்க்கிறேன். இத்தகைய நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுகளில் வெகுகாலமாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. ஒரு பகடையை உருட்டுகிறேன். என்ன எண் விழுகிறதோ அத்தனை ரூபாய் தருகிறேன். இந்த ஆட்டத்துக்கு நீ எவ்வளவு கொடுப்பாய்? ஒன்றிலிருந்து ஆறு வரை கூட்டி ஆறால் வகுத்தால் மூன்றரை. ஆகவே மூன்றரை ரூபாய்க்குக் குறைவாகக் கிடைத்தால் ஆடலாம். அடுத்த கேள்வி: முதல் தடவை விழுந்த எண் உனக்குப் பிடிக்கவில்லையென்றால் இன்னொரு தடவை உருட்டிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துத் தருகிறேன், இப்போது எவ்வளவு கொடுப்பாய்?

நிதானமாக யோசித்தால் விடை வந்துவிடும். நாலு, ஐந்து, ஆறு விழுந்தால் வைத்துக்கொள்வோம். அவற்றின் சராசரி ஐந்து. ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தால் மறுபடி உருட்டுவோம். அப்போது கிடைப்பது சராசரியாக மூன்றரை. இரண்டுக்கும் பாதிப் பாதி வாய்ப்பு. ஐந்தும் மூன்றரையும் கூட்டிப் பாதியாக்கினால் நாலேகால். முதல் ஆட்டத்தின் விலை மூன்றரை, இரண்டாவது ஆட்டத்தின் விலை நாலேகால். அப்படியானால் மறுபடி உருட்டிக்கொள்ளும் உரிமையின் விலை முக்கால் ரூபாய்.

அந்த முக்கால் ரூபாய்தான் ஆப்ஷன் பிரீமியம்.

இந்த உரிமையை ஒரு ரூபாய்க்கு விற்கிறவனுக்கு, ஒவ்வொரு விற்பனையிலும் சராசரியாகக் கால் ரூபாய் மிஞ்சுகிறது. எந்தத் தனிப்பட்ட ஆட்டத்திலும் அவன் தோற்கலாம், லட்சம் ஆட்டங்களில் தோற்க மாட்டான். வாங்குகிறவனோ, நேற்று பக்கத்து அறைக்காரன் ஆறு போட்டான் என்ற உற்சாகத்தில் அதே உரிமைக்கு ஒன்றரை ரூபாய் கொடுக்கச் சித்தமாக இருக்கிறான். மேலே ஏறுமா, கீழே இறங்குமா என்று அவன் ஊகிப்பது சரியாகவே இருந்தாலும், கொடுத்த விலை அதிகமென்றால் நாளடைவில் அவன் பணம் கரைந்துபோகும். சந்தை ஏறி, தான் வாங்கிய கால் ஆப்ஷன் மட்டும் ஏறாமல் நின்றதைக் கண்டு திகைத்த வாடிக்கையாளர்களுக்கு நானே பலமுறை போனில் பதில் சொல்லியிருக்கிறேன்.

நிஜச் சந்தையில் பகடைக்கு ஆறு முகமென்று யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. அதன் முகங்களை மதிப்பிடுவதே தொழில். ஆனாலும், பகடைக் கணக்கு வராத பிள்ளைக்கு அந்த மதிப்பீடு வரவே வராது. ஒரு பிள்ளை டிரேடர் ஆவானா என்று என்னைக் கேட்டால், அவன் சார்ட்டில் கோடு போடுவதை நான் பார்க்க மாட்டேன். மூன்று தடவை உருட்ட உரிமை தந்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டு, காகிதத்தை எடுக்கிறானா, யூகத்தில் ஒரு எண்ணைச் சொல்லுகிறானா என்று பார்ப்பேன்.

அடுத்தது அளவு. ஒரு தடவைக்கு எவ்வளவு பணத்தை ஆபத்தில் வைப்பது என்ற விஷயம்.

வெற்றிக்கும் தோல்விக்கும் சரிபாதி வாய்ப்புள்ள ஒரு முறையை வைத்துக்கொண்டு ஒருவன் வருஷத்தில் 250 தடவை வர்த்தகம் செய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷத்தில் எப்போதாவது தொடர்ந்து ஏழு தடவை தோற்பதற்கு எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு அறுபதுக்கும் மேல். ஏறக்குறைய நிச்சயம் என்றே எண்ணிக்கொண்டு ஆயத்தமாக இருக்க வேண்டிய சம்பவம் அது. கெட்ட நேரம், ராகுகாலம் என்று காரணம் தேட வேண்டிய அபூர்வம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கையிலுள்ளதில் 2 சதவீதத்தை மட்டும் ஆபத்தில் வைத்தவனுடைய ஒரு லட்சம், ஏழு தோல்விக்குப் பிறகு சுமார் 86,800 ரூபாயாக இருக்கும். அவன் மறுநாளும் வேலைக்கு வரலாம். ஒவ்வொரு தடவையும் 20 சதவீதத்தை வைத்தவனிடம் 21,000 ரூபாய்கூடத் தேறாது. அதை மறுபடி ஒரு லட்சமாக்க, இருப்பதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆக்க வேண்டும். பத்தாயிரம் ரூபாயோடு தொடங்குகிற மாணவனுக்கு இதில் இன்னொரு இடர் இருக்கிறது: 2024 நவம்பர் முதல் குறியீட்டு டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் ரூபாய் இருக்க வேண்டுமென்று செபி விதித்துவிட்டது. ஆகவே அவன் வாங்கும் ஒரே லாட்டே அவன் மொத்த முதலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்; 2 சதவீதம் என்ற நியமத்தை அவன் கடைப்பிடிக்க நினைத்தாலும் முடியாது. சின்ன முதலுக்கு இந்தக் களம் ஏற்றதே அன்று.

இன்னொரு விஷயம், சராசரிகளைப் பற்றிப் படித்துவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு. 2020 ஏப்ரல் 20-ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகமே ஊரடங்கில் கிடந்தது, எண்ணெயை வாங்குவாரில்லை, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள குஷிங்கில் சேமித்து வைக்கத் தொட்டிகளில் இடமில்லை. நம் எம்.சி.எக்ஸ். பண்டச் சந்தை ஊரடங்கின் காரணமாக மாலை 5 மணிக்கே மூடிக்கொண்டது. மூடும்போது கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 965 ரூபாய். அன்றைக்கே அந்த மாத ஒப்பந்தத்துக்கு எக்ஸ்பைரி. நியூயார்க் விலையை வைத்துத் தீர்க்க வேண்டுமென்பது விதி. இங்கே எல்லாரும் மூடிவிட்டு வீட்டுக்குள் இருந்த இரவு நேரத்தில் நியூயார்க்கில் விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. இங்கே தீர்வு விலை மைனஸ் 2,884 ரூபாய் ஆயிற்று.

ஒரு லாட் என்பது 100 பீப்பாய். "965 ரூபாய்தானே, பூஜ்யத்துக்குப் போனாலும் 96,500-க்கு மேல் என்ன போய்விடும்" என்று கணக்குப் போட்டு ஒரே ஒரு லாட் வைத்திருந்தவனுக்கு நஷ்டம் 3,84,900 ரூபாய். விற்று வெளியேறச் சந்தை திறந்திருக்கவில்லை. ஸ்டாப் லாஸ் போட இடமில்லை. பொசிஷனை இரவில் வைத்திருக்கலாமா என்று ஒரு டிரேடர் தீர்மானிக்கும்போது, இதுவரை நடக்காதது நடந்தால் நான் உயிரோடு இருப்பேனா என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2024 ஜூன் 3-ஆம் தேதி, மக்களவைத் தேர்தலின் எக்ஸிட் போல்களை நம்பி நிஃப்டி 23,263.90 என்ற உச்சத்தில் முடிந்ததையும், மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் 21,884.50-க்கு விழுந்ததையும், இதை வாசிக்கும் மாணவர்களே நேரில் பார்த்திருப்பீர்கள்.

சரி, அப்படியானால் எப்படித்தான் தொடங்குவது?

நம்மவர்களுக்கு இதற்கு விடை தெரிந்திருந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், தங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலுங்கூட எடுத்த எடுப்பில் பணப்பெட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிடவில்லை. பெட்டியடிப் பையன் என்று ஒரு நிலை இருந்தது. கடையில் பணப்பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து, ஏவிய வேலைகளைச் செய்துகொண்டு, யார் வருகிறார்கள், யாருக்கு ஏஜெண்டு கடன் கொடுக்கிறார், யாரை உபசாரமாகப் பேசி வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பது. பிறகு அடுத்தாள். அதன் பிறகே, தன் பொறுப்பில் பணம் புரட்டும் இடம். பேரேடு எழுதவும் ஐந்தொகை போடவும் அந்தச் சமயத்திலேயே கை பழகிவிடும். பிறர் முதலில், பிறர் கண்காணிப்பில், தவறினால் காதைத் திருகும் ஒருவர் பக்கத்தில் இருக்க, தொழிலைப் பார்த்துப் பழகும் காலம் அது.

சென்னைப் பங்குச் சந்தை செகண்ட் லைன் பீச்சில் நடந்த காலத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். தரகரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சீட்டுகளைச் சுமந்து, பத்து வருஷத்துப் பணக்காரர் பத்து நாளில் பஸ்ஸில் வர ஆரம்பிப்பதைக் கண்ணால் கண்டு, அதன் பிறகே ஒருவன் தன் பேரில் வியாபாரம் செய்யத் துணிவான். அந்தச் சந்தை 2015-இல் மூடப்பட்டுவிட்டது. டெர்மினல் வந்தது, பிறகு போனே டெர்மினல் ஆயிற்று. ஆதார் எண்ணைக் கொடுத்தால் அன்றைக்கே கணக்குத் திறந்துவிடுகிறது. வசதி மிகப் பெரிது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதியோடு பெட்டியடி என்ற படி எடுபட்டுப் போய்விட்டது. அதை மாணவன் தானே தேடிப் போய் ஏறிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கே தேடுவது? டிரேடிங் என்றால் நிஃப்டி மட்டும்தான் என்று நினைக்கும் பிள்ளைகளை, முடிந்தால், ஒரு நாள் ஈரோட்டு மஞ்சள் விற்பனைக்கு அழைத்துப் போவேன். செம்மாம்பாளையத்திலோ பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ, மூட்டைகள் வரிசையாக இருக்கும். வியாபாரி ஒவ்வொரு குவியலின் மாதிரியிலிருந்தும் ஒரு விரலியை எடுத்து முறிப்பார். முறியும் சத்தத்தில் ஈரம் தெரிந்துவிடும். முறிந்த இடத்தின் நிறத்தைப் பார்ப்பார். உள்ளே பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு வார்த்தை பேசாமல் குவிண்டாலுக்கு இத்தனை ரூபாய் என்று சீட்டில் எழுதிப் போடுவார். விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. பக்கத்தில் நிற்பவர் என்ன எழுதினார் என்று அவருக்குத் தெரியாது. அதிகமாக எழுதினால் சரக்கு கைக்கு வரும், லாபம் வராது. குறைவாக எழுதினால் சரக்கே வராது. நிஜாமாபாத்தில் என்ன விலை, என்.சி.டி.இ.எக்ஸ். ஃபியூச்சரில் என்ன விலை, வடக்கே லாரி வாடகை என்ன, இருப்பில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு சீட்டுக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு முழு டீலிங் ரூமின் யோசனை அது. இதைப் பார்த்த பிள்ளைக்கு விலை என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கோயம்புத்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் பருத்திக் கொள்முதல் பிரிவு என்று ஒன்று உண்டு. பி.காம். படித்த பிள்ளைகள் அதை ஓர் உத்தியோகமாகவே எண்ணுவதில்லை. எனக்கு அதில் மிகுந்த வருத்தம். நூலின் அடக்கவிலையில் பாதிக்கு மேல் பருத்தியே. 356 கிலோ கொண்ட கண்டி என்ன விலை, சங்கர்-6 ரகத்துக்கு இழை நீளம் போதுமா, நியூயார்க்கில் பவுண்டுக்கு எத்தனை சென்ட், ரூபாய் மதிப்பு இறங்கினால் இறக்குமதிப் பஞ்சு கட்டுப்படியாகுமா, மூன்று மாதத்துக்கு இப்போதே வாங்கிப் போடலாமா, அல்லது கைக்கும் வாய்க்குமாக வாரத்துக்கு வாரம் வாங்கலாமா என்று தீர்மானிக்கிறவர், எனக்குத் தெரிந்தமட்டில், முழுமையான அர்த்தத்தில் டிரேடர். அவரிடம் உதவியாளனாகச் சேரும் பையன், சம்பளம் வாங்கிக்கொண்டே பெட்டியடியில் உட்காருகிறான்.

வங்கிகளின் ட்ரெஷரிப் பிரிவும் அப்படியே. அரசாங்கக் கடன் பத்திரங்கள் பைசாக் கணக்கில் அசைவதையும், நூற்றில் ஒரு பங்கு சதவீதத்தை பேஸிஸ் பாயிண்ட் என்று பெயரிட்டு அதற்காக நாள் முழுக்கப் போராடுவதையும் அங்கே காணலாம். குர்கானிலும் மும்பையிலும் பெங்களூரிலும் உள்ள, சொந்த முதலில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களுக்குக் கணிதமும் நிரல் எழுதும் திறமையும் உயர்ந்த தரத்தில் வேண்டும். அவை பெரும்பாலும் ஐ.ஐ.டி. போன்ற இடங்களில்தான் ஆள் எடுக்கின்றன. நம் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்துக்கு மேற்படிப்புக்குப் போக முடிந்தால் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். எதுவுமே வாய்க்காவிட்டால் ஒரு தரகு நிறுவனத்தில் ரிஸ்க் பிரிவில் சேருங்கள். (இதை நான் என் பிரிவு என்பதற்காகச் சொல்லவில்லை. ஆயிரம் பேருடைய கணக்குகள் எப்படி வளர்ந்து எப்படி முடிகின்றன என்பதை ஒரே நாற்காலியிலிருந்து பார்க்கும் வாய்ப்பு, டீலருக்குக்கூடக் கிடைக்காது.) பங்கு டெரிவேட்டிவ் பிரிவில் டீலராக அமர வேண்டுமானால் செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் எட்டாவது வரிசைப் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். மூன்றாம் வருஷத்திலேயே எழுதிவிடலாம்.

படிப்பில், நிகழ்தகவும் புள்ளியியலும் முதல். எக்ஸெல் நன்றாகத் தெரிய வேண்டும். பைதான் கொஞ்சமாவது தெரிய வேண்டும். டெரிவேட்டிவுகளுக்கு ஜான் ஹல் எழுதிய பாடப் புத்தகம் தடிமனானது. அவசரப்படாமல், கணக்குகளைப் போட்டுப் பார்த்தே படிக்க வேண்டும்.

தன் பணத்தில் கொஞ்சமும் கைபடாமல் இருப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருபது வயதில் ஆசை இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும். கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், கடன் செயலியில் வாங்கிய பணம் இவற்றில் ஒரு ரூபாயும் கலக்காமல், முழுவதும் போனாலும் வீட்டில் ஒருவரும் பட்டினி கிடக்க வேண்டாத ஒரு சிறு தொகையை வைத்து, டெலிவரியில் பங்குகளை வாங்கி விற்றுப் பழகலாம். ஒவ்வொரு தடவையும், வாங்குவதற்கு முன்பாகவே, ஏன் வாங்குகிறேன், எந்த விலையில் என் காரணம் பொய்யாகிவிட்டது என்று ஒப்புக்கொள்வேன், எவ்வளவு பணம் ஆபத்தில் இருக்கிறது என்று நோட்டில் பேனாவால் எழுதி வைக்க வேண்டும். சாயங்காலம் வரும் கான்ட்ராக்ட் நோட்டைத் திறந்து, தரகு, எஸ்.டி.டி., பரிவர்த்தனைக் கட்டணம், ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை என்று வரி வரியாக அதே பக்கத்தில் இறக்க வேண்டும். செபியின் கணக்குப்படி 2023-24-இல் எஃப் அண்ட் ஓ-வில் ஒரு தனிநபர் சராசரியாக 26,000 ரூபாயை இந்தச் செலவுகளுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார். அதைப் பேரேட்டில் எழுதுகிறவன் வர்த்தகத்தின் எண்ணிக்கையைத் தானாகவே குறைத்துக்கொள்வான். யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

கற்றுக்கொடுக்கிறேன் என்று வருகிறவர்களைப் பற்றி ஒரே ஒரு சோதனை. வெறும் கல்வி கற்பிக்கிறவர்கள் கடைசி மூன்று மாதத்து விலைகளைக் காட்டி எந்தப் பங்கைப் பற்றியும் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி சொல்லிவிட்டது. இன்றைய விலையைக் காட்டி "இதை வாங்கு" என்பவர், முறையாகப் பதிவு செய்துகொண்ட ஆலோசகராகவோ ஆய்வாளராகவோ இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். டாலர், யூரோ வர்த்தகம் என்று வெளிநாட்டுச் செயலிகளைக் காட்டுகிறவர்களுக்கு, ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வரும் எச்சரிக்கைப் பட்டியலே பதில். அனுமதியில்லாத தளத்தில் அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்தால் சட்ட நடவடிக்கை வர்த்தகம் செய்தவன் மேலும் பாயும்.

கடைசியாக, நான் மிகவும் பயப்படுகிற விஷயம். கொஞ்சம் லாபம் பார்த்த பையனிடம் விடுதி நண்பர்கள், "டேய், என்னோட பத்தாயிரத்தையும் சேர்த்துப் போடுடா, லாபத்துல பாதி நீ எடுத்துக்கோ" என்று வருவார்கள். தொடாதே, அப்பா. பிறர் பணத்தை நிர்வகிக்கச் செபியிடம் பதிவு வேண்டும்; அந்தப் பதிவுக்கு 5 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டும்; ஒரு வாடிக்கையாளரிடம் 50 லட்சத்துக்குக் குறைந்து வாங்கவும் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிறர் பணம் நஷ்டமாகும்போது அதை மறைக்கத் தோன்றும்; மறைத்ததை மீட்க இன்னும் பெரிதாகப் போடத் தோன்றும். 1762-இல் தோன்றிய பேரிங்ஸ் வங்கியை, சிங்கப்பூரில் அதன் டிரேடராக இருந்த நிக் லீசன் 1995-இல் கவிழ்த்தது இப்படித்தான்: 88888 என்ற எண்ணுள்ள ஒரு கணக்கில் நஷ்டங்களை ஒளித்து வைத்து, ஒளித்ததை மீட்கப் பொசிஷனைப் பெருக்கிக்கொண்டே போய், கோபே நிலநடுக்கத்தில் ஜப்பான் சந்தை சரிந்தபோது 82 கோடி பவுண்டுக்கு மேல் இழந்தான். வங்கி ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. அவனுக்கும் அப்போது முப்பது வயது ஆகவில்லை.

ஏற்கெனவே நண்பர்களிடம் வாங்கியிருந்தால் மிச்சமுள்ளதை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. ஏற்கெனவே நஷ்டமாகியிருந்தால், அது இருபதாயிரமாக இருக்கும்போதே அம்மாவிடமோ அப்பாவிடமோ, அவர்களிடம் முடியாவிட்டால் ஒரு மாமனிடமோ சித்தப்பாவிடமோ, நோட்டை விரித்து வைத்துச் சொல்லிவிடு. திட்டுவார்கள். திட்டி முடித்ததும், எந்தத் தேதிக்குள் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று உன்னோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு முடிகிறவரை டிரேடிங் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிடு.